அம்மா என்றாலும் சொல்ல இயலாது

1

இங்கிலாந்துக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் என் ஆங்கிலம் பல இடங்களில் என் காலை வாரியிருக்கிறது. ஆனால் போன நவம்பரில் ஒரு காலை, என் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமே இல்லை.

"ஐ ஆம் ஹெர் மதர் ஒன்லி" என்றேன்.

நம் ஊரில் இதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். 'நான் அவ அம்மாதாங்க, வேற யாரோ இல்லை.' மறுமுனையில் இருந்த இளைஞனுக்கு அது 'நான் வெறும் அம்மா மட்டும்தான்' என்று கேட்டிருக்க வேண்டும். பிறகு மிகவும் கனிவாகச் சொன்னான்: "உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு மாணவி இங்கே படிக்கிறாரா என்பதைக்கூட நான் உறுதிசெய்ய இயலாது. அம்மா என்றாலும் சொல்ல இயலாது."

படிக்கிறாளா என்றா கேட்டேன்? அவளை அங்கே கொண்டுபோய் விட்டதே நாங்கள்தான். போர்வை, குக்கர், இட்லிப்பொடி, ஊறுகாய் என்று அத்தனையையும் நானும் என் கணவர் வில்சனும் மூச்சு வாங்க மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் ஒரு நர்ஸ். சவுத்தாம்ப்டனில் ஒரு மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டில் வேலை. "எங்க அப்பாவுக்கு எப்படி இருக்கு, டாக்டர் என்ன சொன்னார்?" என்று போனில் கேட்பவர்களிடம், "மன்னிக்கணும், அவருடைய அனுமதி இல்லாமல் சொல்ல முடியாது" என்று தினமும் கனிவாகச் சொல்பவள். அந்தக் கனிவு எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

2

நான் பிறந்து வளர்ந்தது வடசென்னை ராயபுரம். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து டோல்கேட்டில் அரிசிக்கடை போட்டவர். இப்போது கடையைப் பார்ப்பது என் தம்பி பீட்டர். அவன் மனைவி கலா, காத்திவாக்கத்துப் பெண். வாய் திறந்தால் மூடமாட்டாள், கை நீட்டினால் மடக்கமாட்டாள். அப்படிப்பட்ட தங்கமான மனுஷி.

எங்கள் தெருவில் யாரும் செய்தியைச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. அதற்குக் கால் உண்டு. நர்சிங் தேர்வில் நான் பாஸான அன்று, ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு பஸ் பிடித்து வந்து இறங்கினால், மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் வழிமறித்து, "இன்னா நர்சம்மா, எனுக்கு ஊசி போட்டா வலிக்காம போடுவியா?" என்று கேட்டார். நான் அதுவரை வீட்டுக்கே சொல்லியிருக்கவில்லை. அவருக்கு யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது.

எதிர்வீட்டில் சேகர் அண்ணன் இருந்தார். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருக்கு வலிப்பு நோய் உண்டு. அது தெருவுக்கே தெரியும். பஸ் நிறுத்தத்தில் அவர் விழுந்தால் கண்டக்டர் வண்டியை நிறுத்தி இறங்கி வருவார். டீக்கடை மாஸ்டர் ஓடி வந்து தலைக்கு அடியில் துண்டை மடித்து வைப்பார். யாராவது ஒருவர் தவறாமல் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார். சாவியால் ஒரு பயனும் இல்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த மனிதர் ஒரு தடவைகூடத் தனியாக விழுந்து கிடந்ததில்லை. அது சாவியால் அல்ல, தெருவால்.

அதே தெருதான் அவருக்குப் பெண் கொடுக்க விசாரித்து வந்தவர்களை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, அந்த ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பியது. கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. கேட்டார்கள், சொன்னார்கள். அவ்வளவுதான். வந்தவர்கள் எதிர்வீட்டுப் படி ஏறாமலே திரும்பிப் போனார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. அதற்குப் பிறகு சேகர் அண்ணனே தன் அம்மாவிடம், "போதும்மா, வுட்டுடு" என்று சொல்லிவிட்டார். அவர் அதைச் சொன்னபோது நான் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னவோ போல இருந்தது.

3

என் மகள் ஜெனிக்குப் பதிமூன்று வயதில், பள்ளிக்கூடத்தில் ஒரு மதியம் வலிப்பு வந்தது. பிறகு இன்னொன்று. ஸ்கேன், சோதனை எல்லாம் முடிந்து டாக்டர் எங்களை உட்காரவைத்து, வலிப்பு நோய் என்று சொன்னார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்கினால் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும் என்றார். நான் நர்ஸ். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் அவர் பேசி முடிக்கும்வரை என் மனசு இங்கிலாந்தில் இல்லை, அந்த டீக்கடை பெஞ்சில் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் வில்சன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, "ஊருக்குச் சொல்ல வேணாம்" என்றார். "வேணாம்" என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இருவரும் விவாதமில்லாமல் ஒத்துப்போன மிகச் சில முடிவுகளில் அது ஒன்று.

வீடியோ காலில் கலா, "இன்னா அண்ணி, புள்ள எப்பப் பாத்தாலும் தூங்கிகினே கீது?" என்பாள். பரீட்சை என்பேன். "பாவாடை சட்டை போட்டுகினு ஓடினு இருந்த பொண்ணு, ஏன் இப்டி அமைதியாய்டுச்சு?" என்பாள். குளிர் என்பேன். ஆறு வருடம் இங்கிலாந்தின் குளிர்மீது நான் போடாத பழி இல்லை.

இதையெல்லாம் இப்படி வெளிப்படையாக எழுதலாமா என்று ஜெனியிடம் கேட்டேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். எங்கே என்று தேடாதீர்கள்.

4

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, உடல்ரீதியாகவோ மனரீதியாகவோ குறைபாடு, நீண்டகால நோய் எதுவும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். சமையலறை மேசையில் மாநாடு கூடியது.

வில்சன் சென்னைத் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்தவர், இங்கே பஸ் ஓட்டுகிறார். எந்தக் கேள்வியையும் அவர் வேலை இன்டர்வியூவாகத்தான் பார்ப்பார். "இல்லன்னு போட்டுடு பாப்பா. கீதுன்னு தெரிஞ்சா சீட்டு குடுக்க மாட்டான்."

"அதெல்லாம் சட்டப்படி செய்ய முடியாது" என்றேன் நான். "ஆனா, டாக்டருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னு எழுதிடலாம்."

ஜெனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் தமிழைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். 'இருக்கிறது', 'வருகிறார்' என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அவள் தமிழ் கற்றுக்கொண்டது பீட்டர் மாமாவின் வீடியோ காலில். இங்கிலாந்து உச்சரிப்பில் சுத்தமான ராயபுரம் பேசுவாள். தமிழ்ச் சங்க விழாவில் மற்ற பிள்ளைகள் மேடையேறி உரை வாசிக்கும்போது இவள் என் காதருகில், "எப்போம்மா சாப்பாடு போடுவாங்கோ? பேஜாரா கீது" என்பாள்.

அன்றைக்கும் அதே தமிழில்தான் சொன்னாள். "அப்பா, எனுக்கு இது கீது. கீதுன்னு போடப் போறேன். நீங்க ரெண்டு பேரும் டீ குடிங்கோ."

போட்டாள். சீட்டும் கிடைத்தது. வில்சன் ஒரு வாரம் ஆச்சரியத்திலேயே பஸ் ஓட்டினார்.

அதற்குப் பிறகு மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆலோசகர் என்று ஹெலன் என்பவர் ஜெனியோடு வீடியோவில் பேசினார். நான் காமிராவில் படாத கோணத்தில் நாற்காலி போட்டு, டீக்கோப்பையோடு உட்கார்ந்துகொண்டேன். ஹெலன் ஒரு நிமிடம் பேசியதும் நிறுத்தி, "அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா? அவர்கள் கேட்பதில் உனக்குச் சம்மதமா?" என்றார். நான் கோப்பையைக் கீழே வைத்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

ஜெனி என்னைப் பார்த்தாள். "அம்மா, கொஞ்சம் வெளிய போறியா?"

போனேன். மாடிப்படியில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக் கதவுகள் மெல்லியவை, ஆகவே சட்டத்துக்கு உட்பட்ட அளவில் எல்லாம் கேட்டது.

ஹெலன் ஒவ்வொன்றாகக் கேட்டார். கெமிஸ்ட்ரி ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியலாமா? "தெரியணும், அங்கே நெருப்பு இருக்கு" என்றாள். பாடம் நடத்துபவர்களுக்கு? உதவி தேவை என்பது மட்டும் தெரியட்டும், நோயின் பெயர் வேண்டாம். தேர்வு நடத்துபவர்களுக்கு? நடுவில் இடைவேளை தரவேண்டும் என்பது போதும், ஏன் என்பது தேவையில்லை. விடுதிக் காவலருக்கு? விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்பது தெரிய வேண்டும். கூடத் தங்குபவர்களுக்கு? "அதை நானே சொல்லிக்கிறேன்." ஒரு செய்தியை இத்தனை துண்டாக நறுக்கி, ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கை மட்டும் பரிமாற முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. எங்கள் தெருவில் அண்டா அப்படியே கவிழும்.

கடைசியாக, "உன் பெற்றோருக்கு?" என்றார் ஹெலன்.

நான் ஒரு படி மேலே ஏறினேன்.

"ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி என்று ஆனால் அவர்களைக் கூப்பிடுங்கள். மற்றபடி நானே சொல்வேன்."

ராத்திரிச் சாப்பாட்டில், ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன். "எங்ககிட்ட எல்லாம் சொல்வாங்கல்ல?"

"நான் சொல்வேன்மா."

"எப்போ?"

"சொல்லணும்னு தோணும்போது."

மீன் குழம்பில் உப்பு இல்லை என்று வில்சன் சொன்னார்.

5

இப்போது அந்த நவம்பர் காலைக்கு வருகிறேன். தினமும் காலையில் நான் ஒரு பூப்படம் போட்டு குட்மார்னிங் அனுப்புவேன். அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்புவாள். எங்கள் இருவருக்கும் அது வருகைப்பதிவு. அன்று கட்டைவிரல் வரவில்லை. பத்து மணிக்கும் இல்லை. பதினொன்றுக்கு நான் போனை எடுத்தேன்.

அந்த இளைஞன் ஒன்றையும் உறுதிசெய்யாவிட்டாலும், கடைசியில் ஒன்று சொன்னான். "நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொள்கிறேன். அப்படி ஒருவர் இருந்தால், நலமாக இருக்கிறாரா என்று யாராவது பார்ப்பார்கள்." நான் நிம்மதியாக வார்டுக்குத் திரும்பினேன்.

ஜெனி அப்போது ஆய்வுக்கூடத்தில் இருந்தாள், போன் லாக்கரில். விடுதிக் காவலர் போய் அவள் தங்கும் ஃப்ளாட்டின் கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தது கூடத் தங்கும் பெண்கள். மொத்தம் நால்வர். அதில் இருவரிடம்தான் ஜெனி அதுவரை சொல்லியிருந்தாள். சொல்லாத இருவரும்தான் அன்று வீட்டில். காவலர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. "ஜெனி நலமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். ஆனால் சீருடைக்காரர் வந்து அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது இருவரும் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்களாம்.

எனக்குப் போன் வந்தது. "அவங்ககிட்ட நானே சொல்லலாம்னு இருந்தேன்மா. மொதல்ல என்னைத் தெரியட்டும், அப்பறம் இது தெரியட்டும்னு. நீ சொல்ல வச்சிட்ட."

"நான் யார்கிட்டயும் சொல்லலையே, ஜெனி."

"ஆமா, நீ சொல்லல. ஆள் அனுப்பின."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு அவள் 'கீது', 'இன்னா' எதுவும் இல்லாமல், நான் சொல்லிக்கொடுத்த தமிழில் பேசினாள். அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகும் காலையில் கட்டைவிரல் வந்தது. வேறெதுவும் வரவில்லை.

6

டிசம்பர் கடைசியில் பீட்டரின் மகள் ஷைனிக்குக் கல்யாணம். மூவரும் ராயபுரம் போய் இறங்கினோம். விமானத்திலேயே ஜெனியிடம் சொல்லிவிட்டேன்: "அங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லாத. கல்யாண வூடு. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வேற இருப்பாங்க." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாண வீட்டில் தூக்கம் ஏது? கூடம் முழுக்கப் பாய். ஒரு பக்கம் மருதாணி, ஒரு பக்கம் சீட்டாட்டம். ராத்திரி எட்டு மணிக்கு ஜெனியின் போனில் அலாரம் அடிக்கும், அவள் மாத்திரை போடுவாள். இரண்டாம் நாள் கலா கேட்டுவிட்டாள்.

"இன்னா மாத்திரை அண்ணி அது?"

"வைட்டமின்."

"அலாரம் வச்சிகினா வைட்டமின் துன்னுவாங்கோ?"

"அங்க வெயில் இல்லல்ல" என்றேன். கலா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பூக்கட்டப் போனாள். அன்று முதல் மாடியறையைக் காலிசெய்து, "ஜெனி மட்டும் இங்க தூங்கட்டும், பசங்க யாரும் ஏறக் கூடாது" என்று உத்தரவு போட்டாள். குளிர் ஊர்ப் பெண் என்று இரக்கப்பட்டிருப்பாள் என நினைத்தேன்.

சர்ச்சில் காலையில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மண்டபத்தில் விருந்து. பிரியாணி வாசனை, கீபோர்டு சத்தம், காதில் விழாமல் எல்லோரும் எல்லோரிடமும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மேடையில் பொண்ணு மாப்பிள்ளையோடு போட்டோவுக்கு நின்றிருந்தேன். கீழே வலதுபக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஒரு கூச்சல். எட்டிப் பார்த்தேன். ஜெனியின் பச்சைப் பாவாடை தரையில் தெரிந்தது.

மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபோது அங்கே எனக்கு முன்னால் கலா இருந்தாள். மணப்பெண்ணின் அம்மா, அரக்குப் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, தன் முந்தானையைச் சுருட்டி ஜெனியின் தலைக்கு அடியில் வைத்திருந்தாள். இடது கையில் போன், கண் அதிலுள்ள கடிகாரத்தில்.

ஒருவர் சாவிக்கொத்தோடு குனிந்தார். "அண்ணே, சாவிய பாக்கெட்டுல போடு. வூட்டத் தொறக்க வேணும்ல" என்றாள். இன்னொருவர் ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தார். "வாயில ஒண்ணியும் வைக்காத! கைகாலப் புடிக்காத! காத்து வரட்டும், நவுருங்கோ!" மீன் சந்தையில் வளர்ந்த குரல். கீபோர்டுக்காரன்கூட நிறுத்திவிட்டான்.

நான் பக்கத்தில் மண்டியிட்டேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்க்காமலே, "ரெண்டு நிமிசம் கூட ஆவல அண்ணி. அஞ்சு தாண்டினாதான் ஆம்புலன்சாம்" என்றாள்.

"உனக்கு யாரு சொன்னது?"

"அவதான். ரெண்டாம் நாளே மாடில வச்சி சொல்லிட்டா. இன்னா செய்யணும், இன்னா செய்யக் கூடாதுன்னு சொல்லிகுட்த்தா. வேற யாராண்டயும் சொல்லாத அத்தைன்னா."

கலாவிடம் ஒரு செய்தி மூன்று நாள் இருந்திருக்கிறது. டோல்கேட் சிக்னல் மாறுவதற்குள் மூன்று பேருக்குச் சொல்லிவிடுகிற கலாவிடம்!

நடுக்கம் அடங்கியது. இருவருமாக ஜெனியை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். சற்றுப் பொறுத்து, தூக்கக் கலக்கத்தோடு அவளை மணப்பெண் அறைக்குக் கொண்டுபோனோம். வாசலில் பெரிய கூட்டம். மாப்பிள்ளையின் பெரியம்மா முன்னால் வந்து, "இன்னா ஆச்சு பொண்ணுக்கு? காக்கா வலிப்பா? உங்க குடும்பத்துல கீதா?" என்று கேட்டார். ஷைனியின் கழுத்தில் தாலி ஏறி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

கலா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "அத அவதாம்மா சொல்லணும். கேட்டுகினு வந்து சொல்றேன், இருங்கோ."

சொல்லிவிட்டு உள்ளே வந்து, மெய்யாகவே கேட்டாள். கட்டிலில் உட்கார்ந்து ஜெனியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கியபடி, "கண்ணு, வெளிய எல்லாரும் கேக்குறாங்கோ. நான் வாயத் தொறக்கல. இன்னான்னு சொல்லட்டும்? வேணாம்னா சொல்லு, வெயில்ல மயக்கம்னுடறேன்."

ஜெனி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஆறு வருடமாகக் குளிர்மீது பழி போட்டவள் நான். இப்போது வெயில்.

"ஃபிட்ஸுன்னே சொல்லுங்க அத்தை" என்றாள். நாக்கு இன்னும் குழறியது. "மாத்திரை சாப்பிடுறேன்னு சொல்லுங்க. பேய் புடிச்சிதுன்னு யாராவது சொன்னா மட்டும் வுடாதீங்கோ."

கலா சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, பின்வரிசைவரை கேட்கிற குரலில் சொன்னாள்.

எல்லோரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். மாப்பிள்ளையின் பெரியம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்ந்தார். பந்தியில் சிலர் குசுகுசுத்தார்கள், நான் நெருங்கியதும் பாயசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் ஷைனியோடு நேராக அறைக்கு வந்து, "இன்னா ஜெனி, என் கல்யாணத்துல எல்லாரும் உன்னையே பாத்துகினு கீறாங்கோ" என்றான். அந்தப் பிள்ளையை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

ஊருக்குக் கிளம்பும் முன்னால் மாடியில் துணி எடுக்கும்போது ஜெனியிடம் கேட்டேன். "அத்தைகிட்ட ஏன் சொன்ன? நான்தான் வேணாம்னேன்ல?"

"நீ மேடையில இருந்தா யாரு பாப்பாங்க? அதான் ஒருத்தரை யோசிச்சேன்." பிறகு சொன்னாள், "அத்தை மொதல்ல இன்னா கேட்டாங்க தெரியுமா? வலிக்குமாடின்னு. வேற ஒண்ணும் கேக்கல."

ஆறு வருடத்தில் நான் அதைக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். மாத்திரை போட்டியா என்று கேட்டிருக்கிறேன். தூங்கினியா என்று கேட்டிருக்கிறேன்.

7

பிப்ரவரியில் ஒரு மத்தியானம். எனக்கு அன்று விடுமுறை. போனில் ஜெனி.

"அம்மா, காலைல வந்துச்சு. பெட்லதான். சீக்கிரம் நின்னுடுச்சு. கூட இருக்கிறவ பக்கத்துலயே இருந்தா. இப்ப நல்லா கீறேன்."

வாய்வரை வந்த கேள்விகள் ஒரு லாரி. மாத்திரை தவறிடுச்சா, தலையில அடிபட்டுச்சா, டாக்டர்கிட்ட சொன்னியா, இப்பவே ரயில் ஏறட்டுமா. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "வலிக்குதாம்மா?" என்றேன்.

"நாக்கைக் கடிச்சிகினேன். அதான். உடம்பெல்லாம் அடிச்சிப் போட்ட மாதிரி கீது." அப்புறம் நிறையப் பேசினாள். நவம்பரில் பயந்துபோன அந்த இருவரும் இப்போது எவ்வளவு நெருக்கம் என்று, ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையை உடைத்தது நோயால் அல்ல, வெறும் கவனக்குறைவால் என்று. வைக்கும் முன்னால், "அப்பாகிட்ட நானே சாயங்காலம் சொல்றேன். நீ முந்திக்காத" என்றாள்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

வாசகர்களே, நான் ராயபுரத்தில் பிறந்தவள். அந்தச் சாயங்காலம் எனக்கு எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வில்சன் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே, "இன்னா ஒரு மாதிரி கீற?" என்றார். வெங்காயம் என்றேன். கையில் இருந்தது கத்திரிக்காய்.

ஒருவழியாக அவர் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு கையைத் தலையில் வைத்தார். பிறகு எடுத்தார். தலையாட்டினார். போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு ஏதோ மெதுவாகச் சொன்னார். அப்புறம் சிரித்தார்.

உள்ளே வந்து அடுப்பை அணைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "கொஞ்சம் உக்காரு" என்றார்.

"இன்னா?"

"பயப்படக் கூடாது. நான் சொல்றத முழுசா கேளு." உடையும் சாமானை இறக்கி வைப்பதுபோல, துறைமுகத்தில் கற்ற பொறுமை அத்தனையும் சேர்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். நாக்கைக் கடித்துக்கொண்டதை மட்டும் விட்டுவிட்டார், என் நெஞ்சு தாங்காது என்று. நான் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டேன். "இப்ப எப்டி கீறா?" என்றும் கேட்டேன்.

"நல்லா கீறா. நல்லாதான் பேசுறா." அவர் எழுந்து தட்டை எடுத்துவந்தார். எடுத்தவர் அப்படியே நின்று, முகத்தில் வந்த பெருமையை மறைக்கத் தெரியாமல், "மொதல்ல என்னாண்டதான் சொல்லிகீறா, பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, அவருக்குச் சோறு போட்டேன்.